நீதிபதி மரே சின்க்ளேர் பழங்குடிக் குழந்தைகளுக்காக என்ன செய்தார்?

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் 1988-இல் நீதிபதியானவர் சின்க்ளேர். அந்த மாகாணத்தின் முதல் பழங்குடி நீதிபதி. சிறுவயதிலேயே தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்.

பதவியேற்ற சூட்டோடு, பழங்குடியினரை நீதித்துறை எப்படி நடத்துகிறது என்று ஆராய்ந்த விசாரணைக்கு இணைத் தலைவரானார். 1991-இல் வந்த அறிக்கை குழந்தை நலத்துறையையும் விட்டுவைக்கவில்லை. 1960-களிலிருந்து பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வெள்ளையர் வீடுகளுக்குத் தத்து கொடுத்தார்கள். சிலர் அமெரிக்காவுக்கே போனார்கள். பெயர், மொழி, சொந்தம் எல்லாம் போய்விட்டது.

அப்புறம் 2009 முதல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைவர். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் அடைபட்டு வளர்ந்தவர்களின் வாக்குமூலங்களை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார். 2015-இல் ஆணையம் 94 பரிந்துரைகளை வைத்தது. பள்ளிகளைப் பற்றிய ஆணையம்தானே? ஆனால் முதல் ஐந்தும் குழந்தை நலம் பற்றியவை! பள்ளிகள் மூடப்பட்டாலும் குழந்தைகளைப் பிரிப்பது வேறு பெயரில் தொடர்ந்ததால்தான் அந்த வரிசை என்பது என் கணிப்பு.

பழங்குடிக் குழந்தைகளின் நலனுக்குத் தேசியச் சட்டம் வேண்டும் என்பது நான்காவது பரிந்துரை. 2019-இல் சட்டம் வந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சின்க்ளேர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.