அந்த அஞ்சு கேள்வி எதுக்கு டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயசு, ரொம்ப வருஷமா ஆஸ்துமா. செக்கப் போனா இப்பல்லாம் உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடியே நர்ஸ் ஒரு பேப்பர் குடுத்து டிக் பண்ண சொல்றாங்க, அஞ்சு கேள்வி இருக்கு. நல்லாத்தான் இருக்கேன்னு டிக் பண்ணி குடுத்துட்டேன். வீட்டுக்காரர் பாத்துட்டு, ராத்திரி எந்திரிச்சு உக்காந்து இருமுறியே அத ஏன் போடலன்னு கேக்குறார். ஸ்டெதஸ்கோப் வெச்சு பாத்தாலே டாக்டருக்கு தெரியாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தெரியாதும்மா. காலைல பத்து மணிக்கு நீங்க வந்து உக்காரும்போது நெஞ்சு சுத்தமா இருக்கும், வீசிங் சத்தமே கேக்காது, ஆனா அன்னைக்கு விடியக்காலம் மூணு மணிக்கு நீங்க மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்திருப்பீங்க, அது எங்களுக்கு எப்படி தெரியும்? ஆஸ்துமா ஏறி இறங்குற வியாதி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா எல்லாரும் “பரவால்ல டாக்டர்”னுதான் சொல்றாங்க. அதுக்குத்தான் அந்த பேப்பர்.

உங்களுக்கு குடுத்தது ‘ஆஸ்துமா கன்ட்ரோல் டெஸ்ட்’டா இருக்கும். கடந்த நாலு வாரத்த பத்தித்தான் கேக்கும்: வேலை கெட்டுச்சா, மூச்சு வாங்குச்சா, ராத்திரி தூக்கம் கலைஞ்சுதா, அவசர பம்ப் எத்தன தடவ அடிச்சீங்க, மொத்தத்துல கட்டுக்குள்ள இருக்குன்னு நீங்க நெனைக்கிறீங்களா. ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5 மார்க், மொத்தம் 25. 20ம் அதுக்கு மேலயும் வந்தா கட்டுக்குள்ள இருக்கு, 16 – 19 போதாது, 15ம் அதுக்கு கீழயும் ரொம்ப மோசம். போன தடவைய விட 3 மார்க் கொறஞ்சாலே கவனிக்கணும், அதனால பழைய பேப்பர போன்ல படம் எடுத்து வெச்சுக்கங்க.

இதுல ஒரு பெரிய சிக்கல், மனுஷங்க வியாதிக்கு பழகிடுறாங்க. மாடில துணி காயப்போடுற வேலைய மககிட்ட விட்டிருப்பாங்க, மார்கழி காலைல கோலம் போட வெளிய வர்றத நிறுத்தியிருப்பாங்க, அப்புறம் “மூச்சே வாங்கல”ன்னு டிக் பண்ணுவாங்க. உண்மைதான், வாங்குற மாதிரி எதுவுமே செய்யலையே! அதனால வேலை பத்தின கேள்விக்கு முன்னாடி செஞ்சுட்டு இப்ப விட்டது என்னன்னு யோசிங்க. ராத்திரி கேள்விக்கு வீட்டுக்காரர கேட்டே எழுதுங்க, அவர் சொன்னது சரி. படிக்க சிரமமா இருக்கறவங்க நர்ஸ வாசிக்க சொல்லி பதில் சொல்லலாம், தப்பே இல்ல.

அந்த பேப்பர் கேக்காத விஷயமும் இருக்கு, அத நீங்களே சொல்லணும். போன ஒரு வருஷத்துல எத்தன தடவ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீங்க, எமர்ஜென்சிக்கு போனீங்களா, நீல கலர் பம்ப், அதான் அந்த அவசர பம்ப், எத்தன வாங்குனீங்க. பொதுவா ஒண்ணுல 200 தடவ அடிக்கலாம், வருஷத்துக்கு மூணு இல்ல அதுக்கு மேல தீர்ந்தா பெரிய அட்டாக் வர்ற வாய்ப்பு கூடுது. பிரிட்டன்ல 195 ஆஸ்துமா மரணங்கள ஆராய்ஞ்சு 2014ல அறிக்கை விட்டாங்க, அதுல 43 சதவீதம் பேருக்கு கடைசி ஒரு வருஷத்துல வழக்கமான செக்கப் நடந்ததுக்கு பதிவே இல்ல. இத படிச்சப்ப மனசு கனத்துப்போச்சு, தடுத்திருக்கக்கூடிய சாவு அதுல நெறைய.

மார்க் கொறைஞ்சா உடனே மருந்த ஏத்திடுவாங்களோன்னு பயந்து நல்லா இருக்கேன்னு டிக் போடாதீங்க. முதல்ல பம்ப் சரியா அடிக்கிறீங்களா, தடுப்பு பம்ப தெனமும் எடுக்குறீங்களா, அடுப்பு புகை, மூக்கு அலர்ஜி, இதெல்லாம்தான் பாப்போம். அதனால பம்ப கையோட கொண்டு வந்து எங்க முன்னாடி அடிச்சு காட்டுங்க. ஒரு வாக்கியத்த ஒரே மூச்சுல பேச முடியலன்னா, பம்ப் அடிச்சும் கேக்கலன்னா, பேப்பர் மார்க்கெல்லாம் விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

கேள்வி: என் பையனுக்கு 8 வயசு. அவனுக்கும் இதே பேப்பர்தானா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லீங்க, 4லருந்து 11 வயசு வரைக்கும் தனி பேப்பர், ஏழு கேள்வி. முதல் நாலுக்கு முகம் படம் போட்டிருக்கும், அத பையனே காட்டணும், கடைசி மூணுதான் உங்களுக்கு. மொத்தம் 27, 19ம் அதுக்கு கீழயும் வந்தா கட்டுக்குள்ள இல்ல. அவன் காட்டுறதுக்கு முன்னாடி “அப்படியில்லடா”ன்னு நீங்க திருத்தாதீங்க. வெளையாடும்போது மூச்சு வாங்குறது அவனுக்குத்தான் தெரியும்.