சேலத்தில் இருக்கும் என் மகளுக்கு 824 ÷ 8 = 13 என்று வருவது ஏன்?

விடை 103. உங்கள் மகள் பெருக்கல், கழித்தலில் தவறவில்லை. ஈவின் நடுவில் வரவேண்டிய 0-வை விட்டுவிட்டாள்.

8-இல் 8 ஒரு முறை. அடுத்து 2-ஐ இறக்கியதும், 'இதில் 8 போகாது' என்று நினைத்து 4-ஐயும் சேர்த்து இறக்கி 24 ஆக்கியிருப்பாள். போகாது என்பது சரிதான். ஆனால் போகாததையும் எழுத வேண்டும்: ஈவில் 0 போட்ட பிறகே 4 இறங்கலாம். ஓர் இலக்கம் இறங்கினால் மேலே ஓர் இலக்கம் ஏற வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் செய்யச் சொல்லுங்கள், காலிக் கட்டம் தானே கண்ணில் படும்.

சரிபார்க்க, கணக்கை மாம்பழமாக மாற்றுங்கள். (சேலத்துப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?) பெட்டிக்கு 8 பழம், 13 பெட்டி என்றால் 104 பழம்தான் அடங்கும். மீதி 720 பழம் எங்கே? 800 பழத்துக்கே 100 பெட்டி வேண்டுமே! நான் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கால்குலேட்டர் கையில் இருந்தாலும் முதலில் இப்படித்தான் மனத்தில் போட்டுப் பார்ப்பேன்.

ஒன்று கவனியுங்கள். 424 ÷ 8 போன்றவற்றில் முதல் இலக்கமே 8-ஐவிடச் சிறியது. அங்கே 42-இலிருந்து தொடங்க வேண்டும், விடை 53. புது விதியைப் பிடித்துக்கொண்டு 053 என்று எழுதி வந்து நின்றால் திட்டாதீர்கள்.