கறுப்பு ஓட்டுக்குள் ஒரு சில்லு

கேள்வி: மைக்ரோசிப் என்பதைச் சிலர் 'நுண்சில்லு' என்று எழுதுகிறார்கள். சில்லு என்றால் உடைந்த துண்டுதானே ஐயா? இவ்வளவு நுட்பமான பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

பதில்: பொருந்தும். அது வெட்டியெடுத்த துண்டேதான். சிலிக்கனை உருக்கி, உருளையாக வளர்த்து, வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். இன்றைய பெரிய ஆலைகளில் ஒரு தகட்டின் குறுக்களவு 300 மில்லிமீட்டர். அதன்மேல் ஒரே மின்சுற்றை நூற்றுக்கணக்கில் வரிசையாகப் பதித்துவிட்டு, கடைசியில் கட்டம் கட்டமாக வெட்டிப் பிரிப்பார்கள். பிரிந்து வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு சிப். மரத்தைச் செதுக்கும்போதும் கல்லைக் கொத்தும்போதும் தெறித்து விழுகிற துண்டுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல்தான் அது. நாம் 'கண்ணாடிச் சில்லு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள். (இலங்கைத் தமிழருக்குச் சில்லு என்றால் சக்கரம். அவர்களுக்கு எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுத வேண்டும்.)

'மைக்ரோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. அளவைகளில் அதற்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்கு உண்டு. இங்கே அந்தக் கணக்கெல்லாம் இல்லை, 'ரொம்பச் சின்னது' என்பதோடு சரி.

எனக்கே இது வெகுநாள் புரியவில்லை. ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுக்கொண்ட காலத்தில், இரண்டு பக்கமும் கால் முளைத்து மரவட்டை மாதிரி இருக்கிற, ஐ.சி. எனப்படும் கறுப்புப் பாகத்தைத்தான் சிப் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பழைய ஈப்ராம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவக ஐ.சி.) ஒன்று கையில் சிக்கியது. அதன் முதுகில் வட்டமாக ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளியைக் காட்டி, உள்ளே பதிந்திருப்பதை அழிப்பதற்கான வழி அது. ஜன்னலை மூடியிருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கட்டம், சாய்த்தால் வானவில் நிறம் காட்டியது. அதன் ஓரங்களிலிருந்து முடியைவிட மெல்லிய கம்பிகள் கால்களை நோக்கி ஓடின. அந்தக் கட்டம்தான் சிப், மற்றதெல்லாம் ஓடு! ஸ்டிக்கரை உரித்ததற்கு நன்றாகத் திட்டும் வாங்கினேன். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது மெல்ல அழிந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வங்கி அட்டையில் பொன்னிறமாகத் தெரிகிறதே, அதுவும் சிப் இல்லை. இயந்திரம் தொட்டுப் பேசுவதற்கான தகடு அது. சிப் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: மைக்ரோசிப்பும் மைக்ரோபிராசசரும் ஒன்றா?

பதில்: பிராசசர் சிப்பில் ஒரு வகை. நினைவகச் சிப் உண்டு, ஒலியைப் பெருக்கும் சிப்பும் உண்டு. கணக்குப் போட்டுக் கட்டளைகளை நிறைவேற்றும் சிப்புக்கு மட்டும்தான் பிராசசர் என்று பெயர். 1971-இல் வந்த இன்டெல் 4004-இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது குட்டி மின் சுவிட்சுகள், இருந்தன. இன்றைய போனில் உள்ளதை எண்ணுவதற்குக் கோடிகளில் இறங்க வேண்டும்.

கேள்வி: சிப்பைக் கண்டுபிடித்தவர் ஜாக் கில்பியா, ராபர்ட் நாய்ஸா?

பதில்: இருவரும்தான். கில்பி 1958-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர். அந்த ஜூலையில் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் விடுமுறையில் போய்விட, இவர் கணக்கில் இன்னும் லீவு சேராததால் ஏறக்குறைய தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். செப்டம்பர் 12 அன்று ஜெர்மேனியத் துண்டு ஒன்றில் முழுச் சுற்றையும் இயக்கிக் காட்டினார். ஆனால் பாகங்களை இணைக்கத் தனித்தனியாகக் கம்பி கட்ட வேண்டியிருந்தது. அப்படி எத்தனை சிப் செய்ய முடியும்? ஃபேர்சைல்ட் என்ற இன்னொரு நிறுவனத்தில் இருந்த நாய்ஸ் 1959-இல் சிலிக்கன் மேலேயே உலோகக் கோடுகளைப் படியவைக்கும் வழியைச் சொன்னார். இன்றைக்கு நாம் பயன்படுத்துவது அந்த வழியில் வந்ததுதான் என்பதால் என் ஓட்டு நாய்ஸுக்கு. 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் கில்பிக்குப் பங்கு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார், இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு இல்லை.

கேள்வி: எங்கள் நாய்க்கு மைக்ரோசிப் போட்டிருக்கிறோம். தொலைந்துபோனால் அது இருக்கும் இடம் போனில் தெரியுமா?

பதில்: தெரியாது. இங்கே சிப் என்று சொல்வது நெல்மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குழாயை. அதற்குள் நிஜமான சிப்பும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும், பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுவந்தால், அதன் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்லும், பெரும்பாலும் 15 இலக்கம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உங்கள் பெயரும் போன் எண்ணும் இருப்பது பதிவேட்டில். போன் எண்ணை மாற்றியிருந்தால் அங்கே போய் மாற்றிவிடுங்கள். அப்புறம், தோள்பட்டைகளுக்கு நடுவே போட்ட குழாய் சில நாய்களுக்குத் தோலடியில் நகர்ந்துவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.