ஜப்பான்ல நேபாளி கடைக்குப் போனா நான் கேக்குறது தால் பாத் மட்டும்தான்

"ஜப்பான்ல எந்த ஸ்டேஷன்ல இறங்குனாலும் ஒரு இந்தியன் கறி கடை இருக்கு, உள்ள போனா சமைக்கிறவரு, பரிமாறுறவரு எல்லாருமே நேபாளிங்க. அங்க அவங்க ஊர் சாப்பாடு கிடைக்குமா, நமக்குப் பிடிக்குமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

கிடைக்கும், பிடிக்கவும் செய்யும். ஆனா மெனு கார்டோட முதல் பக்கத்துல தேடாதீங்க, அங்க பட்டர் சிக்கன், சீஸ் நான், மேங்கோ லஸ்ஸிதான் இருக்கும். கடைசிப் பக்கத்துல ஒரு மூலையில தால் பாத்த ஜப்பானீஸ்ல தாருபாத்துன்னு போட்டிருப்பாங்க, சில கடைல அதுவும் இருக்காது, வாயத் தொறந்து கேட்டாத்தான் வரும். கேளுங்க. நான் டோக்கியோவுக்கு வந்த புதுசுல ஊர் சாப்பாட்டுக்கு ஏங்குன நாள்ல எல்லாம் என்னத் தேத்துனது அந்தத் தட்டுதான், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல அந்த நான் ரொட்டி கதை. நேபாளத்துல வீடுகள்ல யாரும் நான் சுடுறதில்ல, தந்தூர் அடுப்பு வீட்டு சாமானே கிடையாது. அந்த ஊர்க்காரங்க நிறைய பேரு டெல்லி, மும்பை ஹோட்டல்கள்ல வேலை கத்துக்கிட்டவங்க, அங்கிருந்து ஜப்பான்ல இருந்த இந்தியன் ரெஸ்டாரன்டுக்கு சமையக்காரரா வந்து, கொஞ்சம் காசு சேத்து சொந்தக் கடை போட்டு, மச்சான், தம்பி, பக்கத்து வீட்டுப் பையன்னு ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வந்தாங்க. பாக்லுங்னு மேற்கு நேபாளத்துல ஒரு மலை மாவட்டம், அங்கிருந்து மட்டுமே அவ்ளோ பேர் வந்திருக்காங்க. கடன் வாங்கி கடை போட்டவரு ரிஸ்க் எடுக்க முடியுமா, ஏற்கனவே ஓடுற கடையோட மெனுவ அப்படியே வச்சாரு, அதான் எங்க போனாலும் அதே லன்ச் செட், அதே ஆரஞ்சு கலர் டிரஸ்ஸிங் ஊத்துன சாலட். ஜப்பான்காரங்க இதுக்கு இன்னேபான்னே ஒரு பேரு வச்சிட்டாங்க, இந்தியாவையும் நேபாளத்தையும் சுருக்கி. 2024 முடிவுல ஜப்பான்ல இருக்குற நேபாளிங்க 2 லட்சத்தத் தாண்டியாச்சு, அதுல படிக்க வந்த பசங்களும் ஏராளம். இவ்ளோ பேரு வந்ததுக்கு அப்புறம்தான் அவங்களுக்காகவே சமைக்கிற கடைகள் பெருகுச்சு.

இப்ப தட்டுக்கு வருவோம். நடுவுல சோறு, அதான் பாத், ஒரு கிண்ணத்துல பருப்பு, அதான் தால். சுத்தி காய்கறி தர்காரி, கடுகுக் கீரை, முள்ளங்கி அச்சார், அதான் ஊறுகா, தக்காளி அச்சார், கறி சாப்பிடுறவங்களுக்கு ஆட்டுக்கறியோ கோழியோ குழம்பா. பாத்தா நம்ம சாப்பாடு மாதிரிதான் தெரியும், வாயில வச்சாத்தான் ஊர் வேறன்னு தெரியும். புளி கிடையாது, தேங்கா கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. புளிப்பு வேணும்னா தக்காளி, எலுமிச்சை, இல்லன்னா புளிக்க வச்ச கீரை. எண்ணெய் கடுகெண்ணெய். மசாலா ரொம்பக் கம்மி, சீரகம், மஞ்சள், இஞ்சி, பூண்டு, அவ்ளோதான் பல வீட்ல. ஆனா ரெண்டு சாமான் இருக்கு, அதுதான் அந்தத் தட்டுக்கே உயிரு. ஒண்ணு ஜிம்பு, வடக்கு நேபாளத்துல முஸ்தாங் பக்கம் உயரமான எடத்துல முளைக்கிற வெங்காய வகைச் செடியோட காஞ்ச இலை, பாக்க காஞ்ச புல்லு மாதிரி இருக்கும், வாசம் பெருசா இருக்காது. சூடான நெய்ல ஒரு சிட்டிகை போட்டா ரெண்டு மூணு செகண்ட்ல கறுக்கும், அந்த நொடியே பருப்புல ஊத்திடணும், அப்ப பூண்டும் வெங்காயமும் சேந்து வறுபட்ட மாதிரி ஒரு வாசம் கெளம்பும் பாருங்க, கருப்பு உளுந்து பருப்புக்கு அதுக்கு மேல ஒரு தாளிப்பு இல்லன்னு நான் அடிச்சு சொல்வேன். இன்னொண்ணு டிமூர், மிளகு சைஸ்ல இருக்கும், கடிச்சா எலுமிச்சை வாசத்தோட நாக்கு மரத்துப் போகும். ஜப்பான்ல விலாங்கு மீன் மேல தூவுற சான்ஷோவும் இதுவும் ஒரே இனம்தான்.

சாப்பிடுற மொறையும் வேற. நம்ம ஊர்ல சாம்பார், ரசம், மோர்னு வரிசை இருக்கு, இங்க வரிசையே இல்ல. சோத்துல கொஞ்சம் பருப்ப ஊத்தி, தர்காரிய சேத்துப் பெசஞ்சு, அச்சார ஓரமா தொட்டுத் தொட்டு கையால சாப்பிடணும். பருப்பு, சோறு, காய் தீரத் தீர வந்து போடுவாங்க, பெரும்பாலான கடைல அதுக்குத் தனிக் காசு இல்ல, கறி மட்டும் ஒருவாட்டிதான். போதும்னா புக்யோன்னு சொல்லணும், சொல்லலன்னா கரண்டி வந்துக்கிட்டே இருக்கும். மலையேறப் போறவங்க டி ஷர்ட்ல தால் பாத் பவர் 24 ஹவர்னு எழுதிருக்கும், அந்த ஊர்ல காலைல பத்து மணி வாக்குல ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி இதையே சாப்பிட்டுத்தான் மலை ஏறி இறங்குறாங்க.

இந்தத் தட்டுலயே பேரு போனது தகாலி செட், பித்தளைத் தட்டுல வரும். தகாலிங்க அன்னபூர்ணா, தவுலகிரி மலைங்களுக்கு நடுவுல காளி கண்டகி ஆத்தங்கரையில, துக்குச்சே மாதிரி ஊர்கள்ல இருந்த வியாபாரிங்க. திபெத்ல இருந்து உப்பு கீழ வரும், கீழ இருந்து தானியம் மேல போகும், அந்த வழியில போறவங்க தங்கி சாப்பிட பட்டின்னு சத்திரம் மாதிரி வச்சிருந்தாங்க, பெரும்பாலும் அந்த வீட்டுப் பொம்பளைங்கதான் நடத்துனது. சுத்தத்துக்கும் ருசிக்கும் பேர் வாங்குன கைங்க. திபெத் எல்லைல 1959க்கு அப்புறம் கெடுபிடி ஆகி உப்பு வியாபாரம் நொடிஞ்சதும் நிறைய பேரு பொக்காரா, காத்மாண்டுன்னு எறங்கி வந்து கடை போட்டாங்க, இப்ப டோக்கியோ வரைக்கும் வந்தாச்சு. எனக்கு இதுல ஒண்ணு முக்கியமாப் படுது. இந்தத் தட்டு அரண்மனையில உருவாகல, வீட்ட விட்டு நாள்கணக்கா நடந்து வந்தவன் பசிக்காக உருவாச்சு. வெளிநாட்டுல தனியா இருக்குறவங்களுக்கு அது இவ்ளோ ஒத்துப்போறதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு நான் ரொட்டி கறி கடை இருக்கு, அங்க இருக்குற தாய் (நேபாளில தாய்னா அண்ணன்) பாக்லுங்காரரு. மதியம் கூட்டம் முடிஞ்சு மூணு மணிக்கு அவரும் இன்னொரு தம்பியும் உள்ள உக்காந்து சாப்பிடுவாங்க, நான் பில்லு குடுக்கப் போறப்ப எட்டிப் பாத்தா நான் ரொட்டியும் இல்ல பட்டர் சிக்கனும் இல்ல, பெரிய தட்டு நெறைய நீட்டரிசிச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு காலிஃப்ளவர் கூட்டு, பச்சைமிளகா. தாய், அடுத்தவாட்டி எனக்கு இதையே போடுங்கன்னேன். இது ஸ்டாஃப் சாப்பாடுங்க, இதுக்கு எப்படி காசு வாங்குறதுன்னு கூச்சப்பட்டாரு, ஆனா போட்டாரு, இன்னிக்கு வரைக்கும் போட்டுக்கிட்டிருக்காரு. போனதும் கானா கானுபயோ, சாப்பிட்டீங்களான்னுதான் மொதல்ல கேப்பாரு.

குந்த்ருக் பத்தி சொல்லாம விடக்கூடாது. கடுகுக் கீரை, முள்ளங்கி இலை, காலிஃப்ளவர் இலை இதெல்லாம் அறுவடை முடிஞ்ச காலத்துல மிஞ்சும், அத வாட்டி, கசக்கி, உப்பு கூட போடாம பானையில காத்து போகாத மாதிரி அமுக்கி வச்சிடுவாங்க. தானா புளிச்சதும் எடுத்து வெயில்ல காய வச்சா வருஷம் முழுக்க தாங்கும். மழையிலயும் குளிர்லயும் பச்சைக் கீரை கிடைக்காத மலைக் கிராமத்துக்கு அதுதான் கீரை. சோயா பீன்ஸ் வறுத்துப் போட்டு, தக்காளி, உருளைக்கிழங்கு சேத்து தண்ணியா ஜோல் வைப்பாங்க, ரசம் இல்லாம தவிக்கிற நம்ம ஆளுங்க மொதல்ல இதக் குடிச்சுப் பாருங்க, அதே புளிப்பு இல்ல, ஆனா சளி பிடிச்ச நாள்ல அதே வேலையச் செய்யும். கூட டிண்டோ கிடைச்சா விடாதீங்க. கேழ்வரகு மாவுலயோ பாப்பர் மாவுலயோ (பக்வீட், பேர்ல வீட் இருந்தாலும் கோதுமை இனமே இல்ல) கொதிக்கிற தண்ணில கிண்டி எடுக்கிறது, நம்ம ராகிக் களியேதான், கையில உருட்டி குந்த்ருக் ஜோல்ல முக்கி மெல்லாம முழுங்கணும். இது கிண்ட நேரம் ஆகும், அதனால சில கடைல முன்னாடியே போன் பண்ணிச் சொல்லணும்.

மோமோ எல்லாருக்கும் தெரியும். காத்மாண்டுல எருமைக் கறி போடுவாங்க, இங்க பெரும்பாலும் சிக்கன், சில எடத்துல போர்க், கேட்டுட்டு வாங்குங்க. காத்மாண்டு பள்ளத்தாக்குல இருக்குற நேவார் மக்களோட அயிட்டம் பாரா, உளுந்து அரைச்சு தோசைக்கல்லுல தட்டுறது, அப்புறம் அவலோட சோய்லா, அது தீயில வாட்டுன கறிய கடுகெண்ணெய்ல பெரட்டுனது, நல்ல காரம்.

தசைன் சமயம், அதாவது செப்டம்பர் அக்டோபர் வாக்குல போனா கடையோட களையே வேற. நேபாளத்துல அது 15 நாள் பண்டிகை, இங்க ஒரு நாள் லீவு கிடையாது. படிக்கிற பசங்களுக்கு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி, அதையும் முடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு நெத்தில தயிரும் அரிசியும் கொழைச்ச சிவப்பு டீக்காவோட வந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுட்டு, அங்கயே உக்காந்து அம்மாவுக்கு வீடியோ கால் போடுவாங்க. அந்த நேரத்துல இடம் இல்லன்னா கொஞ்சம் விட்டுக்குடுங்க, நாம இன்னொரு நாள் சாப்பிட்டுக்கலாம். அடுத்து திகார், அதான் அவங்க தீபாவளி, வரும்போது செல் ரொட்டி கிடைக்கும், அரிசிய ஊறவச்சு அரைச்சு நெய், சக்கரை சேத்து வளையமா எண்ணெய்ல விட்டுச் சுடுறது, மேல மொறுமொறுன்னும் உள்ள மெத்துன்னும் இருக்கும்.

ஒரு கவலையும் இருக்கு. சொந்தக் கடை வைக்கிற விசாவுக்கு 50 லட்சம் யென் முதலீடு காட்டுனா போதும்னு இருந்தத 2025 அக்டோபர்ல 3 கோடி யென்னா ஏத்திட்டாங்க. சின்னச் சின்னக் கடைய நடத்துறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால பக்கத்துல நல்லா சமைக்கிற கடை இருந்தா அடிக்கடி போங்க, நல்லா இருந்துச்சுன்னு வாய் விட்டுச் சொல்லுங்க.

டோக்கியோல இருக்கீங்கன்னா ஷின்ஓகுபோ போங்க. கொரியன் கடைங்க நெறஞ்ச ஏரியாதான், ஆனா ஸ்டேஷன் சுத்து வட்டாரத்துல நேபாளி ஹோட்டலும் மளிகையும் நிறைய. நிஷிகசாய் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க டோசாய் லைன்ல தகதானோபாபா வரைக்கும் வந்து யமனோத்தே லைன் மாறுனா அடுத்த ஸ்டேஷனே அதான். சாப்பிட்டு முடிச்சு மளிகைக் கடைல ஜிம்பு, டிமூர், குந்த்ருக் மூணும் சின்ன பாக்கெட்டா வாங்கிக்கோங்க. வீட்ல தக்காளியத் தீயில சுட்டு தோல உரிச்சு, பூண்டு, பச்சைமிளகா, உப்பு, கொஞ்சம் வறுத்த டிமூர் போட்டு இடிங்க, மேல கொத்தமல்லி தூவுங்க, அச்சார் ரெடி. டிமூர்ல கறுப்பு விதை இருந்தா எடுத்துட்டு தோல மட்டும் போடுங்க, விதை பல்லுல மணல் மாதிரி நறநறங்கும்.