கல்லூரியில் ஜனநாயக மையம்: கேட்டவையும் பதில்களும்

கல்லூரி ஒன்றின் ஜனநாயக மையத்தில், அதாவது பொது விஷயங்களைப் பேசவும் சேர்ந்து முடிவெடுக்கவும் மாணவர்கள் பழகும் இடத்தில், பொது நிகழ்ச்சிகளையும் மாணவர் திட்டங்களையும் கவனித்துவருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நான் வேதியியல் படிக்கிறேன் அக்கா. அரசியல் அறிவியல் படிக்காதவர்கள் இப்படிப்பட்ட மையத்தில் சேரலாமா?

தாராளமாக. ஆற்றில் எந்தக் கழிவு எவ்வளவு கலந்தால் ஆபத்து என்பது உங்கள் பாடம். அந்த வரம்பை யார் முடிவு செய்வது என்பது எங்கள் பாடம். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால்தான் பேச்சு உருப்படும்.

பொதுக்கூட்டத்துக்கு அரங்கு நிறைகிறது. ஆனால் கேள்வி நேரம் வந்ததும் நான்கு பேர் எழுந்து ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றிவிடுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் மேடைப் பேச்சைக் குறையுங்கள். ஒரு மணி நேரம் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர், மைக் கிடைத்ததும் பழிதீர்க்கத்தான் செய்வார். 25 நிமிடம் போதும். அதைவிட நல்லது, மாறுபட்ட கருத்துள்ள இருவரை உட்காரவைத்து நெறியாளர் ஒருவர் பேச்சை நடத்திச் செல்வது. கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் கூச்சப்படுபவர்களின் கேள்வியும் வந்து சேரும். முதல் மூன்று கேள்விகள் மாணவர்களுக்கே என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அப்புறம், மைக்கை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். தன்னார்வலர் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பாதிச் சொற்பொழிவுகள் அதிலேயே நின்றுவிடும்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளரை அழைத்தால் கல்லூரிக்குக் கட்சிச் சாயம் பூசிவிடுவார்கள். அரசியல்வாதிகளையே தவிர்த்துவிடலாமா?

தவிர்ப்பதானால் ஜனநாயக மையம் எதற்கு? யாரை அழைப்பது என்ற அளவுகோலை, பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். ‘வேட்புமனு ஏற்கப்பட்ட எல்லாரும்’ என்றோ, ‘அவையில் இடம்பெற்ற எல்லாக் கட்சிகளும்’ என்றோ இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே நாளில் கடிதம், ஒரே அளவு நேரம், ஒரே கேள்விகள். ஒருவர் வர மறுத்தார் என்பதற்காக நிகழ்ச்சியை ரத்து செய்யாதீர்கள். செய்தால், அடுத்த முறை வராமல் இருப்பதே ஆயுதமாகிவிடும்.

இதையொட்டி 1967-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரி கால்வன் தலைமையிலான குழு தந்த அறிக்கையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். பல்கலைக்கழகம் விமர்சகர்களுக்கு இடம் தர வேண்டும், தானே விமர்சகராகக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் நிறுவனத்தின் அடிப்படை நோக்கத்துக்கே அச்சுறுத்தல் வரும்போது வாய்திறக்கலாம் என்ற விதிவிலக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதை வசதியாக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆண்டுதோறும் விவாதப் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிறோம். அது போதாதா?

போட்டி பேச்சுத் திறனை வளர்க்கும், அதில் குறையில்லை. ஆனால் எதிரணி சொல்வது சரி என்று நடுவில் தோன்றிவிட்டால் அங்கே அது தோல்வி. மனம் மாறுவதற்கும் மாணவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் 1988-இல் முன்வைத்த முறை அதற்கு ஏற்றது. குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து முதலில் அவர்கள் கருத்தைப் பதிவு செய்வார்கள். எல்லாத் தரப்பு வாதங்களும் அடங்கிய குறிப்பேட்டைப் படிக்கக் கொடுப்பார்கள். சிறு குழுக்களாகப் பேசுவார்கள், நிபுணர்களைக் கேள்வி கேட்பார்கள். கடைசியில் அதே கேள்வித்தாள் மறுபடியும் வரும். 1994-இல் பிரிட்டனில், குற்றங்களைக் கையாள்வது பற்றி இப்படி ஒரு கலந்தாய்வு நடந்தது.

அயர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2016-இல் அமைத்த குடிமக்கள் பேரவையில் தலைவரைத் தவிர 99 பேர். எல்லாரும் குலுக்கலில் வந்த சாதாரணக் குடிமக்கள். கருக்கலைப்புத் தடை பற்றி அவர்கள் தந்த பரிந்துரையைத் தொடர்ந்து 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தடையை நீக்குவதை 66.4 சதவீதம் பேர் ஆதரித்து, அரசியலமைப்பே திருத்தப்பட்டது.

நீங்கள் இதை 40 மாணவர்களோடு ஒரே நாளில் நடத்தலாம். உலக அமைதி போன்ற தலைப்பு வேண்டாம். வருகைப்பதிவு விதி, நூலக நேரம், தேர்வு அட்டவணை என்று கல்லூரியே முடிவெடுக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். பரிந்துரைக்கு எழுத்தில் பதில் தருவதாக முதல்வர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள்.

ஆர்வமுள்ளவர்கள் இருக்கும்போது எதற்குக் குலுக்கல்?

ஆர்வமுள்ளவர்கள் மற்ற எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பண்டைய ஏதென்ஸில் 500 பேர் கொண்ட அவை குலுக்கலில் அமைந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையும் குலுக்கல்தான். இரண்டிலும் கோளாறு குலுக்கலில் இல்லை, பட்டியலில்தான். ஏதென்ஸ் பட்டியலில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. குடவோலையில் சொந்த நிலம் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது. உங்கள் பட்டியலில் மாலை வகுப்பு மாணவர்கள் இருக்கிறார்களா? அன்று வேலைக்குப் போனால்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர் வர வழி இருக்கிறதா?

விடுமுறைக்கால உள்ளகப் பயிற்சிக்குப் பணம் தர எங்களால் முடியவில்லை. அனுபவம் கிடைக்கிறதே, போதாதா?

போதாது. உதவித்தொகை இல்லாத பயிற்சி, வீட்டில் வசதி உள்ளவர்களுக்கான பயிற்சி. பத்து இடங்களை நான்காகக் குறைத்தாவது பணம் கொடுங்கள்.

வாசிப்புக் குழுவுக்கு மதிப்பெண் தரலாமா?

வேண்டாம் என்பேன். ஹார்வர்டில் 1966-இல் தொடங்கிய அரசியல் மையம்கூட அதன் படிப்புக் குழுக்களை மதிப்பெண் இல்லாமல்தான் நடத்துகிறது.

மாணவர் மன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு படுமோசம். எப்படி உயர்த்துவது?

மன்றத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். ஆண்டு விழாவுக்கு மேடை போடுவது மட்டும்தான் என்றால், வாக்களிக்காதவர்கள் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் நகராட்சிச் செலவின் ஒரு பகுதியை மக்களே தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. அதையே சிறிய அளவில் செய்யலாம்: மன்ற நிதியில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மாணவர்கள் யோசனை தரட்டும், செலவுக் கணக்கைப் போடவும் அவர்களே உதவட்டும், பிறகு வாக்கெடுப்பு. தேர்வான திட்டம் அதே கல்வியாண்டில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வாக்களித்தவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள்.

நிர்வாகம் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்கிறது. வேறு எப்படி அளப்பது?

கேட்ட எண்ணிக்கையைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்காகத் தனியே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதல் முறை வந்தவர் எத்தனை பேர், இதுவரை பேசாதவர்களில் எத்தனை பேர் பேசினார்கள், தொடக்கக் கேள்வித்தாளுக்கும் கடைசிக் கேள்வித்தாளுக்கும் இடையே எது மாறியது. கட்டாய வருகை போட்டு நிரப்பிய அரங்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.