காத்திருக்கத் தெரிந்த இயந்திரம்

கேள்வி: என் தாயார் தொலைபேசித் தானியங்கிச் சேவையில் பேசத் தயங்கி நிற்கும்போதே அது அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறது. ஆளுக்கேற்ப அதை மாற்ற முடியாதா?

பதில்: முடியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கி, 2005 முதல் பொதுமக்களின் அழைப்புகளுக்குப் பதிலளித்த 'லெட்ஸ் கோ' என்னும் பேருந்துத் தகவல் சேவை, முதியோரையும் ஆங்கிலம் தாய்மொழியல்லாதோரையும் மனத்தில் கொண்டே தொடங்கப்பட்டது. பேச்சில் குறிப்பிட்ட அளவு மௌனம் விழுந்தாலே பேசி முடித்துவிட்டார் என்று இயந்திரம் முடிவுகட்டுவதுதான் உங்கள் தாயாருக்கு நேரும் இடர். "நான் போக வேண்டியது..." என்று இழுத்து, பேருந்து நிறுத்தத்தின் பெயரை நினைவுகூர்பவருக்கும், "ஆமாம்" என்று ஒரே சொல்லில் முடிப்பவருக்கும் ஒரே காத்திருப்பு எப்படிப் பொருந்தும்? உரையாடலின் போக்கை ஒட்டி அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் முறையை அங்கே செய்து பார்த்தார்கள். குரலை இனிமையாக்குவதைவிட இந்தப் பொறுமையே முதலில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.