ஐபேடு போடும் மேக் வேடம்

கேள்வி: கடலூர் சில்வர் பீச் அருகே சிறிய விடுதி நடத்துகிறேன். எங்கள் இணையதளம் கைபேசியில் ஒழுங்காக இருக்கிறது. ஐபேடில் மட்டும் கணினிப் பக்கம் வருகிறது. ‘அறைகள்’ மெனு விரலுக்கு மசிவதில்லை. ஏன்?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: தளத்தைக் கட்டியவர் உலாவி சொன்ன பெயரை அப்படியே நம்பிவிட்டார், பாவம். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 இயங்குதளம் முதல் ஐபேடின் சஃபாரி உலாவி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. உங்கள் சர்வரும் கணினிப் பக்கத்தை எடுத்து நீட்டிவிடுகிறது. அதில் மெனு விரிய மவுஸ் அம்பு மேலே வந்து நிற்க வேண்டும். விரல் எங்கே அந்தரத்தில் நிற்கும்?

பெயர் விசாரிக்கும் நிரலைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். திரையின் அகலத்தையும், தொடுவது விரலா மவுஸா என்பதையும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் உள்ள ‘மீடியா குவரி’ என்ற நிபந்தனையே சொல்லிவிடும். மெனு தொட்டால் திறக்கட்டும். மவுஸுக்கும் அது போதும். திரையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பவர்களும் உண்டு, ஆகவே ‘ஐபேடு என்றால் 768 பிக்சல் அகலம்’ என்ற பழைய கணக்கு உதவாது.

என் மைத்துனரின் ஐபேடில் ஒரு முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். ‘உறுதி’யும் ‘ரத்து’ம் எறும்பு அளவில் ஒட்டிக்கொண்டிருந்தன, மூன்று முறை ரத்து செய்தேன். பொத்தானுக்கு 44 சிஎஸ்எஸ் பிக்சல் உயரமாவது கொடுங்கள்.